ராக்கம்மா வாங்கிக் கொடுத்த பசி

மலாயாவில் 1955 தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கையில், பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துச் சங்கச் செயலாளர் வீரமுத்துவும் கட்சி வேட்பாளர் திருநாவுக்கரசும் மேடையில் கைகுலுக்கினார்கள். அன்று முதல் இருவருக்கும் வயிறு ஒன்றாகிவிட்டது. வேட்பாளர் சிரம்பான் டவுனில் பிரியாணி தின்றால் செயலாளர் ரப்பர் காட்டில் ஏப்பம் விட்டார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இதை மழையளவு எழுதும் புத்தகத்தில் குறித்துவைத்திருக்கிறார்.

வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, குடியிருப்பைச் சுற்றிப் போட்ட முள்வேலிக் கேட்டைத் தாண்டி ஒரு பருக்கைச் சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். விடியுமுன் வெறும் வயிற்றோடு ரப்பர் பால்வெட்டப் போனவர்கள் இரண்டு மணிக்குத்தான் திரும்பினார்கள். சோறு கேட்டைத் தாண்ட வேண்டும். சங்கத்தின் கோரிக்கை அது ஒன்றுதான். சங்கம் ஓட்டைத் தரும், கட்சி அனுமதி வாங்கித் தரும் என்று பேச்சு. முன்பெல்லாம் பசியில் எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் வீரமுத்து. இப்போது வயிற்றைத் தடவிக்கொண்டு, "பொறுங்கலா, பேச்சுவார்த்தை நல்லாத்தான் போவுது," என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நல்லாத்தான் போனது.

பால்வெட்டுக்காரி ராக்கம்மாவுக்குக் கைப்பிள்ளை. பட்டினியாய் மரம் சீவி வருபவளுக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அந்த ஆத்திரத்தில், வீரமுத்துவின் ஏப்பத்தைக் கேட்டபோதுதான் அவளுக்கு யோசனை வந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "ஐயா, செயலாளர் கைய மட்டும் குலுக்கினா எப்படி? நாங்களுந்தானே ஓட்டுப் போடுறோம்? ஒரு நாளு பெரட்டுக்கு வாங்க," என்று வேட்பாளரை அழைத்தாள்.

விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், கிராணி பேர் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். வேற்று ஆணின் கையைத் தொட்டறியாத பெண்களும் முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்கள். நூற்று நாற்பது ஓட்டு என்று வேட்பாளர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

பத்து மணிக்குச் சிரம்பானில் நூற்று நாற்பது பேருடைய பசி அவரைப் பிடித்தது. இட்லி, ரொட்டி, கட்சி ஆபீஸ் பிஸ்கட் டின், கழுத்து மாலையிலிருந்த ரோஜா எல்லாம் உள்ளே போயும் போதவில்லை. நான்காம் நாள், தோட்டத்துச் சோற்றுக்கு அனுமதி கேட்டு வெள்ளைக்கார அதிகாரி முன்னால் அழுதேவிட்டார். எட்டாம் நாள், ஆளுக்கொரு தூக்குச்சட்டிச் சோறு கேட்டைத் தாண்டலாம் என்று உத்தரவு வந்தது. பிள்ளைக்கும் பால் கிடைத்தது.

தேர்தலில் அவர் ஜெயித்த பிறகு அதிகாரிகள் இரண்டு தடவை அந்த அனுமதியை ரத்துசெய்து பார்த்தார்கள். இரண்டு தடவையும் மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுத்தார்கள். கட்சியும் சங்கமும் ஒத்துழைத்ததன் பலன் என்று வீரமுத்து ஆண்டறிக்கையில் எழுதினார். தினமும் பத்து மணிக்கு ராக்கம்மா மரத்தடியில் தூக்கைத் திறந்து, "சட்டுனு தின்னுங்கடி, அங்க அந்த மனுசன் பசியோட உக்காந்திருப்பாரு," என்பாள்.