அரம் வழுக்கிய போல்ட்

இருபத்தாறு உயிருக்கு நான் வைத்த விலை ஏழணா. பேரம் பேசினால் ஆறேகால். உயிர் என்று சொல்லி விற்கவில்லை; பஸ் போல்ட் என்றுதான் சொன்னேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தருமபுரி கடைவீதியில் என் இரும்புக் கடைக்குச் சீமை போல்ட் வருவது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. குப்புராஜ், பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரிவாயு பஸ் ஒன்று வைத்துச் சேலத்துக்குத் தானே ஓட்டினான். பின்சக்கரத்து வில்பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்க, பக்கத்துக்கு நாலாக எட்டு போல்ட் கேட்டான். பட்டறைக்காரன் மாரப்பனிடம் அடிக்கச் சொன்னேன். அந்தப் பட்டறையில் சம்மட்டி தூக்குவதும் நெருப்பைக் கவனிப்பதும் அவன் பெண்சாதி தீர்த்தம்மாள். மாரப்பன் இடுக்கி பிடிப்பான், வெற்றிலை போடுவான்.

"அரம் வழுக்கணும்" என்றேன். அதுதான் என் கடையின் சோதனை. வாடிக்கைக்காரன் கண் முன்னால் போல்ட்டின் மேல் அரத்தை ஓட்டுவேன். கடிக்காமல் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கினால், அவன் மறுபேச்சில்லாமல் மடியை அவிழ்ப்பான்.

"கெட்டியா இருந்தா நல்லதுன்னு யாருங்க சொன்னாங்க?" என்றாள் தீர்த்தம்மாள்.

"வாங்கறவன் சொல்றான். அரம் கடிச்சுதுன்னா காசு கிடையாது."

அவள் நெருப்பை ஏற்றினாள். பிறகு தொட்டித் தண்ணீர் எட்டு தரம் சீறியது. அரம் எட்டு தரமும் வழுக்கியது.

மூன்றாம் வாரம் பாளையம்புதூர் தாண்டி ஒரு பக்கத்து நாலு போல்ட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒடிந்தன. அச்சு விலகி, பஸ் ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. இன்னும் கொஞ்சதூரம் போயிருந்தால் தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே சாய்வதற்கு மரம் கிடையாது, பள்ளம்தான் உண்டு.

குப்புராஜ் ஒடிந்த துண்டுகளைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து என் தராசில் வைத்தான். "நிறுத்துப் பாருங்கண்ணா. உள்ள இருபத்தாறு பேரு இருந்தாங்க. நல்ல போல்ட் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்."

துண்டுகளோடு பட்டறைக்குப் போனேன். தீர்த்தம்மாள் ஒரு துண்டை எடுத்து, அதன் ஒடிந்த முகத்தை வெயிலில் திருப்பினாள்.

"உப்புக்கல் கணக்கா மின்னுது பாத்தீங்களா? சூடு அதிகம். தண்ணியில விட்டதும் விறைச்சுப்போச்சு. நீங்க கேட்டதத்தான் குடுத்தேன் செட்டியாரே."

"நானும் அன்னிக்கே சொன்னேன்" என்றான் மாரப்பன்.

"நீ எங்க சொன்ன? வாயில வெத்தல இருந்துச்சு."

என் கிடங்கில் ஒடிந்த லாரி அச்சுக்கம்பி ஒன்று, விலை ஏறட்டும் என்று வைத்திருந்தேன். அதைக் கேட்டாள். கொடுத்தேன், எடை போடாமல். வீட்டில் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள்.

பதினொரு நாள் அவள் செய்ததெல்லாம் ஒடித்துப் பார்ப்பதுதான். கம்பியை விரல் நீளத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சூட்டில் எடுத்து, தண்ணீருக்குப் பதில் புங்க எண்ணெயில் நனைத்து, ஒடித்து முகத்தைப் பார்ப்பாள். முதலில் உப்புக்கல். பிறகு ஆற்று மணல். கடைசியில் கேழ்வரகு மாவு மாதிரி நைசான முகம் வந்தது. அந்தச் சூட்டை மனசில் பிடித்துக்கொண்டாள். போல்ட்டில் திருகு வெட்டும் மரையையும் மாற்றினாள். பள்ளம் கூராக இல்லாமல் உருண்டையாக இருக்கவேண்டுமாம். "துணியில கத்திரி பட்ட எடத்துலதானே கிழியும்?"

பன்னிரண்டாம் நாள் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

எண்ணெயில் நனைத்த போல்ட் ஒன்றைக் கல்லில் தேய்த்து வெள்ளியாக்கி, இரும்புச் சட்டியில் சுடுமணல் மேல் வைத்தாள். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு ஓரத்தில் வைக்கோல் நிறம் படர்ந்தது. அது பழுப்பாகி, கத்திரிக்காய் ஊதாவாகி, அதன் பின்னால் மயில் கழுத்தின் நீலம் மெல்ல நடந்து வந்தது. யாரும் சாயம் பூசவில்லை. இரும்புக்குள் இத்தனையும் இருந்திருக்கிறது. முப்பது வருஷம் அதை வீசை வீசையாக நிறுத்து விற்றவனுக்குத் தெரியவில்லை. சட்டிக்கு இன்னும் கிட்டே குனிந்தேன்.

நீலம் தலையைத் தொட்டதும் இடுக்கியால் எடுத்தாள். "முன்னால எடுத்தா ஒடியும். விட்டுட்டா துவளும்."

அரத்தை ஓட்டினேன். கடித்தது. ஆனால் வேண்டா வெறுப்பாக, கஞ்சன் தர்மம் போடுவதுபோலக் கடித்தது. போல்ட்டை வைஸில் இறுக்கி அவள் சம்மட்டியால் ஏழு அடி அடித்தாள். முழங்கை மடங்குவதுபோல் மடங்கியது. ஒடியவில்லை. பேரத்தில் எனக்குத் தெரிந்த சங்கதிதான் இது: துளிகூட இறங்காதவன் வியாபாரம் முறிந்துபோகும். இரும்பிடம் மட்டும் ஏன் வேறு மாதிரி கேட்டேனோ?

எட்டும் தயாரான பிறகும் குப்புராஜ் தயங்கினான். "ஜனத்த ஏத்த எனக்குத் தைரியம் இல்லீங்க."

"அப்ப மணல் மூட்டை ஏத்து, ஆளுக்கு ஒண்ணா. கூடச் செட்டியாரையும் ஏத்து" என்றாள் தீர்த்தம்மாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் விரதம்" என்றேன்.

"நல்லதுதானுங்க, பாரம் கொறையும். ஏறுங்க."

அவளும் ஏறி, பின் அச்சுக்கு நேர் மேலே பலகையில் உள்ளங்கையை ஊன்றி உட்கார்ந்தாள். கணவாயில் ஒவ்வொரு வளைவிலும் பட்டைகள் முனகின. நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்; பாதிப்பேர் ஞாபகம் வரவில்லை. அவள் முகம் மட்டும் பிள்ளைக்கு நாடி பார்ப்பவள் முகமாக இருந்தது. கீழே இறங்கி வண்டி நின்றதும் குப்புராஜ் ஸ்பானரோடு அடியில் நுழைந்தான். எட்டு தட்டுச் சத்தம் கேட்டது. ஊர்ந்து வெளியே வந்தவன், "ஒரு மரைகூட நகரலீங்க" என்றான். அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

அன்று பேரேட்டில் எழுதியது: கணவாய்க்கு முன் வண்டியில் ஏறியது, மணல் மூட்டை இருபத்தாறு, ஆள் மூன்று, போல்ட் எட்டு. கணவாய்க்குக் கீழே இறங்கியது, மூட்டை இருபத்தாறு, ஆள் மூன்று, போல்ட் எட்டு. ஒடித்துப் பார்த்த துண்டு முப்பத்தொன்று, வளைத்தது ஒன்று, எல்லாவற்றுக்கும் பட்டறைக்குக் கூலி பைசல். தீர்த்தம்மாளுக்கு என் வாயால் சேரவேண்டியது, "நீ சொன்னதே சரி" என்ற ஒரு சொல். அது பாக்கி.