கிணற்றோரச் செருப்பு

தூக்கம் வராத மனுஷனோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாடு. சென்றாயனுக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. கூடவே தீர்த்தம்மாளுக்கும் போயிற்று. புருஷன் பஸ் டிரைவர். காலடியிலேயே இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடுதான் உள்ளங்கால் வழியாகத் தலைக்கு ஏறிவிட்டது என்று அவளுடைய அண்ணன் பச்சியப்பன் முடிவுகட்டிவிட்டான். உழுத நிலத்தில் வெறுங்காலோடு நடந்தால் மண் சூட்டை இழுத்துக்கொள்ளுமாம். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், இதுவும் ஒன்று.

போன வாரம் காரிமங்கலம் தாண்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சென்றாயன் கண்ணசந்துவிட்டான். கண்டக்டர் ஜமீர் தோளைப் பிடித்து உலுக்கியதால் பஸ் புளியமரத்தில் மோதவில்லை. ஜமீர் அதை வெளியே சொல்லவில்லை. ஆனால் அன்று தாமதமானதற்கே முதலாளி கத்தினார். இன்னொரு டிரிப் கெட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம்.

அதனால்தான் இன்று காலை, மழை பெய்து உழுதிருந்த அண்ணன் காட்டுக்கு அவனைத் துரத்தாத குறையாக அனுப்பினாள். காடு ரோட்டோரம்தான். மத்தியானம் அங்கேயே நின்று, காலை டிரைவரிடமிருந்து பஸ்ஸை வாங்கிக்கொள்ள வேண்டும். நேரம் நெருங்கியதும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

கிணற்றோரம் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. பக்கத்தில் காக்கிச் சட்டை மடித்து வைத்திருந்தது. ஆளைக் காணோம்.

இப்படிச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்களை ஊரில் பார்த்திருக்கிறாள். சோற்றுத் தூக்கைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாவி, நானே அனுப்பினேனே என்று மாரில் அடித்துக்கொண்டு திரும்பியபோதுதான் குறட்டை கேட்டது.

வேப்பமர நிழல் விழுந்த உழவுசாலில், கணுக்கால் வரை மண் அப்பிய கால்களை நீட்டிப் போட்டு, சென்றாயன் தூங்கிக்கொண்டிருந்தான். உழுத நிலத்தில் யாரும் செருப்போடு இறங்கமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியாததா? பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்து போகிறது. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

ரோட்டில் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. ஜமீர் வரப்பில் ஓடிவந்தான்.

"நேரமாச்சுங்கக்கா. எழுப்புங்க."

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கலியாணமான புதிதில் பார்த்த முகம். கை தோள் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது.

"டிரைவரண்ணனுக்கு வேலை போயிடுங்கக்கா," என்றான் ஜமீர், இந்தத் தடவை மெதுவாக.

"போவட்டும்பா," என்றாள் தீர்த்தம்மாள். "அந்த ஹாரன மட்டும் அடிக்க வேணாம்னு சொல்லு."