இருபது மில்லி நொடி

அண்ணனின் ஆக்சிஜன் மிஷின் மூன்றாவது தடவையும் உறுமிவிட்டு அடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னொரு தடவ போட்டுப் பாரேன்," என்றாள் அண்ணி. குரல் உடைந்திருந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் நாற்பது நிமிடம் தாங்கும். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமென்று சொல்லிவிட்டார்கள்.

தங்கை மிஷின் முன் மண்டியிட்டாள். அதற்குள் மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஃப்ளைபேக் பவர் சப்ளை, கம்பெனியில் அவள் வடிவமைத்தது. அந்தச் சிவப்பு விளக்கும் அவள் வைத்ததுதான். வெளியே போகும் வோல்டேஜ் சரிந்து, இருபது மில்லி நொடிக்குள் மீளாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் காவல் அது. ஒருமுறை சோதனைக்கூடத்தில் மோட்டார் இறுகி நின்று, வோல்டேஜ் படுத்த பிறகும் பவர் சப்ளை விடாமல் மின்சாரத்தைத் தள்ளியதில் சர்க்யூட் போர்டே கரியாகிப்போனது. அந்தப் புகைக்குப் பயந்துதான் நேரத்தை அவ்வளவு இறுக்கினாள். நூறு மில்லி நொடி வைக்கலாமே என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ செஞ்சதே எனக்கு எமனா வருதே, பாப்பா," என்று அண்ணன் முகமூடிக்குள் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"பேசாதண்ணா."

மூடியைத் திருகிக் கழற்றினாள். மோட்டார் கிளம்பும்போது மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது. வோல்டேஜ் மீள்வதற்குள் காவல் கழுத்தைப் பிடித்துவிடுகிறது. காவலையே அறுத்துவிடலாம். ஆனால் ஆக்சிஜன் ஓடும் பெட்டிக்குள் ஒரு போர்டு எரிந்தால்? நேரத்தை நீட்டினால் போதும். காவலைத் தாமதப்படுத்த ஒரு கெப்பாசிட்டர் வேண்டும்.

"அண்ணி, அந்த ரேடியோவக் குடுங்க."

"அது அவரோட..."

"குடுங்க அண்ணி!"

ரேடியோவைப் பிளந்து ஒன்றைப் பிடுங்கினாள். அதைப் போர்டில் பற்றவைக்கும்போது சால்டரிங் அயர்ன் விரலைப் பொசுக்கியது. சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது சுவிட்சைப் போட்டாள். மிஷின் உறுமியது, திக்கியது, பிறகு ஓடியது. அண்ணி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இவளுக்கு அழ நேரமில்லை. கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்கு ஃபோன் போட்டாள்.

"காலைலேர்ந்து ஏழு வீட்லேர்ந்து கூப்பிட்டுட்டாங்க மேடம்," என்றாள் அங்கிருந்த பெண். "இந்தக் குளிர் வந்ததும் ஆரம்பிச்சிருச்சு. எல்லாமே சிவப்பு விளக்குதான்."

குளிர்! மோட்டாரில் கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கிறது, அதனால்தான் கிளம்பத் திணறுகிறது. பழுது அண்ணனுடைய மிஷினில் மட்டும் இல்லை.

"ஹீட்டர் போட்ட ரூம்ல வெச்சு, மிஷினச் சூடாக்கிட்டுப் போடச் சொல்லுங்க. ஒருத்தர் விடாம சொல்லுங்க. தப்பு என்னோடதுதான், அதையும் எழுதிக்குங்க."

அரை மணியில் அந்தப் பெண் திரும்ப அழைத்தாள். "ஆறு வீட்ல ஓடிருச்சு மேடம். ஒரு வீட்ல ஃபோனையே எடுக்க மாட்டேங்கறாங்க."

வந்து சேர்ந்த ஆம்புலன்ஸில் அண்ணனையும் அண்ணியையும் ஏற்றிவிட்டு, முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. கை வலிக்கத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா."

"மூச்சு?"

"இருந்துச்சு. நினைவுதான் இல்ல."

ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்த மனிதரின் மனைவி, கால்களில் ஜோடி மாறிய செருப்போடு உட்கார்ந்திருந்தாள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஆனால் அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

"நீங்க யாரு, சொந்தமா?"

"இல்லம்மா. அந்த மிஷினச் செஞ்சவ."

அந்த அம்மாள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"அது ஏன் நின்னுச்சு?"

தங்கை அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லத் தொடங்கினாள்.