மூன்றாம் தோள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முப்பத்தொரு வருடமாகச் சுமை தூக்குகிறேன். அரிசி, சுக்கு, மிளகு, இரும்பு அலமாரி, ஒரு தடவை சவப்பெட்டி. பாட்டுக் கேட்டுச் சொல்ல வா என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. போன மழைக்கு மாதுரி டீச்சர் கூப்பிட்டார்.

டீச்சர் குஜராத்திக் குடும்பம். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர்கள். கீழே சுக்கு கோடவுன், மேலே வீடு, நடுவில் இருபத்திரண்டு மரப்படி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலைந்து வருடமாகக் காது அறவே கேட்காது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மலையாளம், தமிழ் இரண்டையும் அப்படித்தான் படிப்பார்.

அன்றைக்கு நானும் சுடலைமணியும் மேலேயிருந்து ஒரு பழைய மேஜையை இறக்கப் போயிருந்தோம். இழுப்பறையில் ஒரு கேசட் கிடந்தது. டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு சாயா நேரத்துக்கு நீ மாத்திரம் வா, துரை. ஒரு இங்கிலீஷ் சங்கீதம் கேட்டிட்டு எனக்குச் சொல்லணும்."

படி இறங்கும்போதே சுடலைமணி ஆரம்பித்துவிட்டான். "பாண்டித்துரைன்னு பேரு வச்சதுக்கு இன்னைக்குத்தான் துரையா மதிச்சிருக்காவ. அண்ணாச்சி, நாளைக்குக் கோட்டு சூட்டு போட்டுட்டுப் போவீயளா, இல்ல இந்தக் கைலியேதானா?"

"மேஜையப் பிடிலே ஒழுங்கா."

"அந்தம்மாவுக்குத்தான் காது கேக்காது. உமக்கோ பாட்டுன்னா என்னன்னே தெரியாது. ரெண்டு பேரும் சேந்து நல்லா கேப்பீய."

மறுநாள் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் நான்கு பேர் சேர்ந்து இந்த மேல்வீட்டில் வாசிப்பார்களாம். டீச்சரும் சர்ச் பாடகர் ஒருவரும் வயலின். தேயிலைக் கம்பெனி குமாஸ்தா ஒருவர் செல்லோ. டீச்சரின் கூட்டுக்காரி, உயிர்த்தோழி சுலைஹா வயோலா. வயோலா வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் தடித்தது. கான்வென்டில் இருந்த இங்கிலீஷ்கார சிஸ்டர்தான் இரண்டு பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது தன் நாட்டுப் பாட்டுத்தாள்களையும் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பெரிய யுத்தங்களுக்கு நடுவே அங்கே ஒருவர் எழுதிய சங்கீதம்.

"அந்த நாட்டுக்காரங்க வயோலாவை ரொம்ப ஸ்நேகிச்சவங்க" என்றார் டீச்சர். "சங்கடத்தைச் சத்தம் போட்டுப் பறைய மாட்டாங்க. மழையைப் பத்தி, வயலைப் பத்திப் பேசற மாதிரி இருக்கும். இடையில வயோலா மாத்திரம் உள்ளதைச் சொல்லிட்டுப் போகும்."

ஒரு சாயங்காலம் அப்பாவின் விருந்தாளிகள் முன்னால் வாசித்தார்கள். அப்பா டேப்பில் பிடித்தார். அந்தக் கேசட்தான் இத்தனை வருடம் கழித்துக் கிடைத்திருக்கிறது. தொடங்கும் முன்பு சுலைஹா, "மாதுரி, ஒரு காரியம் பேசணும்" என்றாளாம். "வாசிச்சு முடியட்டும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். நடுவில் தாளைத் திருப்பும்போது பார்த்தால் சுலைஹாவின் நாற்காலி காலி. அதன்மேல் வயோலா கிடக்கிறது. விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று மூன்று பேரும் வாசித்து முடித்தார்கள். மூன்றாம் நாள் அவள் உடலை இடக்கொச்சிப் பக்கம் காயலில் எடுத்தார்கள்.

"அவ எவிடே நிறுத்தினான்னு எனக்குத் தெரியணும். நான் என் வாசிப்பையே கேட்டுக்கிட்டிருந்தேன், துரை. பக்கத்துல இருந்தவளைக் கேக்கலை."

"சங்கீதம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா நல்லதில்லையா, டீச்சரே?"

"தெரிஞ்சவங்க, அங்கே என்ன இருக்கணுமோ அதைக் கேப்பாங்க. நீ இருக்கறதைக் கேப்பே."

டேப் ஓடியது. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஈரக்கயிறு கப்பியில் உரசுவது போலிருந்தது. டீச்சர் ஒரு கையைப் பெட்டியின்மேல் வைத்து அதிர்வைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலால் தாளில் வரிவரியாகப் போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த வழியில் அது உள்ளே வந்தது. இரும்புப் பெட்டியை நான்கு பேர் தோளில் கம்பு கொடுத்துத் தூக்குவோம். பின்னால் இருப்பவன் முகம் தெரியாது. ஆனால் அவன் தோளைக் கொஞ்சம் தளர்த்தினால் என் எலும்புக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான் இருந்தது. மேலே இரண்டு பேர் மெலிந்த குரலில் போகிறார்கள். அடியில் ஒருவர் தாங்குகிறார். நடுவே மூன்றாவது தோள், வயோலா. அதைத் தனியாகக் கேட்க முடியாது, ஆனால் கனமெல்லாம் அதன் வழியாகத்தான் மாறுகிறது. அது தெரிந்த பிறகு எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஓரிடத்தில் நான்கு பேரும் வில்லை விட்டு விரலால் நரம்பைச் சுண்டினார்கள். தகரத்தில் தூறல் விழுந்தது போலிருந்தது. அப்புறம் மெதுவாக ஒரு நடை.

டீச்சரின் விரல் நின்றது. "இங்கேதான் தாள் திருப்பினேன். வயோலா நின்னுச்சா?"

சுமை இறங்கவில்லை. மூன்றாவது தோள் அப்படியே இருந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் வந்தது. மரப்படியில் செருப்பு. யாரோ இறங்குகிறார்கள். பாரத்தோடு ஏறி இறங்கிப் பழகியவன், தானாக எண்ணிவிடுவேன். ஒன்பது படி. பிறகு காலடி இல்லை. வயோலா மட்டும் கடைசி வரைக்கும் வாசித்துக்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொன்னேன். டீச்சர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயோலா நாற்காலியில கிடந்தது. நான் கண்டேன்."

"எனக்குக் கேட்டதைச் சொல்றேன், டீச்சரே."

"ஒன்பது படியா? இருபத்திரண்டு இல்லையா?"

"ஒன்பதுதான்."

டீச்சர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து கீழே பார்த்தார். "அப்போ அவ போகலை" என்றார். "படியில நின்னு காத்திருந்தா. நான் எழுந்து வந்திருந்தா..."

இரண்டு நாள் நான் போகவில்லை. மூன்றாம் நாள் டீச்சரே கோடவுனுக்கு இறங்கி வந்துவிட்டார். "இன்னும் ஒரு தடவை" என்றார். சுடலைமணிகூட ஒன்றும் கிண்டல் பேசவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

மாலை நான்கு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. நான் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன், டீச்சர் எனக்கு எதிரே. தூறல் மாதிரி சுண்டுகிற இடம் வந்தது, முடிந்தது. மெதுவான நடை தொடங்கியது. செருப்புச் சத்தமும் வந்தது. இந்தத் தடவை அது ஏறியது.

ஏறுகிற காலும் இறங்குகிற காலும் எனக்குக் குழம்பாது. ஏறும்போது பலகை முன்விளிம்பில் முனகும். அதே கேசட், அதே இடம். டீச்சர் அதைத் தவிர வேறு கேசட்டைத் தொடக்கூட இல்லை.

"டீச்சரே, நிறுத்தட்டுமா?"

"என்ன கேக்குது?"

"ஏறி வருது."

நிறுத்தப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார். நான்கு, ஐந்து, ஆறு. ஒன்பதாவது படியில் வயோலா நின்றது. என் இடது தோளில் கனம் சட்டென்று இறங்கியது. டேப்பில் மூன்று பேரும் ஒரு கணம் தள்ளாடி, சமாளித்து நடந்தார்கள். என் பிடரியில் கதவுப் பக்கத்துக் காற்று பட்டது.

நான் திரும்பவில்லை. டீச்சரைத்தான் பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டு பேசுகிற ஒரு பெண்ணின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில்.

"யாரு டீச்சரே?"

"நீ மிண்டாதே, துரை" என்றார், கண்ணை எடுக்காமல். "ரெண்டு பேரும் ஒன்னிச்சுப் பேசினா எனக்கு எப்படிப் புரியும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். டீச்சர் இரண்டு தடவை தலையாட்டினார். கண் நிறைந்தது. பிறகு சின்னப்பெண் மாதிரி ஒரு குரலில், "இதைச் சொல்லவா வந்தே? அன்னிக்கே நான் கேட்டிருந்தா உன்கூட வந்திருப்பேனே" என்றார்.

எழுந்தார். காலால் செருப்பைத் துழாவினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கொக்கு மாதிரி உடம்பு, நாற்பது கிலோகூட இருக்காது. ஆனால் அந்தக் கையை என்னால் அசைக்க முடியவில்லை. அவருடைய மறுகை கதவுப் பக்கம் நீண்டு, விரல்கள் மடங்கி, எதையோ பற்றியிருந்தது. மறுமுனையில் ஆள் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"விடு, துரை."

"சுடலைமணி" என்று கத்தினேன். "ஏலே, மேல வா."

கீழே சாக்கு போடுகிற சத்தம் கேட்டது. அவன் தடதடவென்று ஏறி வந்தான். அவன் கதவருகே வந்ததும் இழுப்பு அறுந்து, நானும் டீச்சரும் தரையில் விழுந்தோம். டேப் முடிந்து பொத்தான் எகிறியது.

"என்ன அண்ணாச்சி, விழுந்துட்டாவளா? தண்ணி கொண்டாரட்டா?"

டீச்சர் சுவரைப் பிடித்து எழுந்து, கதவு வரை போய், படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் எவ்வளவோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

இப்போதும் தினமும் நாலு மணிக்கு ஏறிப்போய் வாசலில் உட்காருகிறேன், அவர் தனியாக இருக்க வேண்டாமென்று. போகச் சொல்வதில்லை, சாயாகூடத் தருகிறார். அன்றைக்கு ஏன் பிடித்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கிறேன். டீச்சர் என் உதட்டைப் பார்ப்பதில்லை.