மடித்து வைத்த பெயர்

வாளைத் தேய்த்து முடித்தபோது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அரை எலுமிச்சம்பழம், ஒரு கை உப்பு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். கரிக்கட்டை போலக் கிடந்த இரும்பு புதுக் கரண்டி போல மின்னியது.

வெட்டும் பகுதியை அவள் தொடவில்லை. கணவர் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பதால் அது எப்போதும் கண்ணாடிதான். அவள் தேய்த்தது கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் வால்பகுதியை. செய்தவனுடைய பெயர் வெட்டியிருப்பது அதில்தான். முந்தின நாள் கணவர் மூங்கில் ஆணியைத் தட்டிக் கைப்பிடியைக் கழற்றி, வாளைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். இன்று காலை கண் டாக்டரிடம் போய்விட்டார்.

குடியிருப்பில் அவளுக்குச் ‘சுத்தம் அக்கா’ என்று பெயர். பாதி பாராட்டு, பாதி கிண்டல். அப்படிப்பட்டவள், நாலு பேர் பார்க்கிற ஆபீசுக்கு அழுக்குப் பிடித்த ஒரு சாமானைக் கொடுத்தனுப்புவாளா?

வீட்டில் வாள் வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று புது உத்தரவு வந்திருந்தது. கையால் அடித்த பழைய வாள் என்றால் வைத்துக்கொள்ளலாம். உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலையில் செய்தது என்றால் உலைக்குப் போகும். கெடு இன்றோடு முடிகிறது.

கணவர் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். ஒரு ஜப்பானியக் கேப்டன் வேலையை விட்டுப் போகும்போது அவர் கையில் கொடுத்த வாள் அது. ‘பழசு’ என்ற ஒரு சொல்லோடு கொடுத்தாராம். காகிதம் எதுவும் இல்லை. பல காலம் அலமாரிமேல் தூசியோடு கிடந்தது. மகள் இறந்த பிறகுதான் கீழே இறங்கியது. அன்றிலிருந்து மனிதர் பேச்சை அளந்துதான் செலவு செய்கிறார். மாலையானால் வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். துடைத்து முடித்தால் சாப்பிட வருவார். அதுவும் போய்விட்டால் அவரை எழுப்பிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர அவளிடம் வேறு வழி இல்லை. எழுத்து பளிச்சென்று தெரிந்தால் ஆபீசில் காரியம் சுலபமாகும் என்றுதான் நாரைக் கையில் எடுத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. மாப்பிள்ளை. எழுத்தைப் படித்துக் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். இயந்திரங்களோடு வரும் ஜப்பானியக் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவன் வேலை. மகளும் அவனும் பழகியதே ஜப்பானிய வகுப்பில்தான்.

“வாங்க மாப்பிள்ளை. என்ன இப்படி இளைச்சுட்டீங்க? கண்ணாடி பார்க்கிறதே இல்லையா?”

“பார்த்தா மட்டும் என்ன அத்தை, அதே மூஞ்சிதான்.”

மாதக்கணக்காக இதே தொனி. கல்லில் ஊற்றின தண்ணீர் போல எந்தப் பேச்சும் அவனுக்குள் இறங்குவதில்லை.

அவன் துணியைப் பிரித்தான். பார்த்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“அத்தை, இதுல துரு இருந்திருக்கணுமே?”

“இருந்துச்சு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கையே போச்சு. இப்ப எப்படி இருக்கு பாருங்க!”

“அந்தத் துருதான் அத்தை இதோட வயசுக்குச் சாட்சி. வாள் தீட்டுறவங்ககூட இந்த இடத்துல கைவைக்க மாட்டாங்க. எழுத்தை எவன் வேணாலும் வெட்டிடலாம். இந்தக் கறுப்பு ஏற நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்.”

அவள் சமையலறைக் குழாயைத் திரும்பிப் பார்த்தாள்.

“தண்ணியில ஊறப் போட்டா திரும்ப வராதா?”

“வரும். நம்ம பேரப்பிள்ளைங்களோட பேரப்பிள்ளைங்க எடுத்துப் பார்க்கணும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. பேரப்பிள்ளை இல்லாத வீடு அது.

“மாமா திட்டுவாரா?” என்றான், பேச்சை மாற்ற.

“திட்டினாத்தான் தேவலையே! ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எழுந்து உள்ள போயிடுவார். அப்புறம் அந்தக் கதவைத் தட்டித் தட்டி நான் சாகணும்.”

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “எழுத்தாவது நம்மைக் காப்பாத்துதான்னு பார்ப்போம். கொஞ்சம் மாவு கொடுங்க. ஒரு டார்ச்சும்.”

மாவை எழுத்தின்மேல் தூவி விரலால் வழித்தான். வெட்டுப் பள்ளங்களில் வெள்ளை தங்கியது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வாளின் நுனி மேலே இருக்குமாறு சாய்த்துப் பார்த்தான். ஒரு காகிதத்தில் கோடு கோடாகப் பார்த்து எழுதினான். அடித்தான். மறுபடி எழுதினான். அவள் மூச்சுவிடவும் யோசித்தபடி நின்றாள்.

“பெயரை வழக்கமா இந்தப் பக்கம்தான் வெட்டுவாங்க. இது மறுபக்கம் இருக்கு. அதையாவது விடலாம். ஒரு எழுத்துகூட எழுத்தா இல்லை. படிக்கத் தெரியாதவன் பார்த்து வரைஞ்ச மாதிரி இருக்கு.” டார்ச்சை அணைத்தான். “போலியா இருக்கும் அத்தை.”

அவ்வளவுதான். அவன் முகம் மறுபடி கல்லாகிவிட்டது. அவளுக்கு வாளைவிட அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆற்றாமை வந்தது. தேய்த்தவள் அவள், தோற்றவன் மாதிரி அவன் உட்கார்ந்திருக்கிறான்.

“அதுக்குள்ள விட்டுட்டா எப்படி? எழுத்து நல்லா ஆழமாத்தான் இருந்துச்சு. அதைச் சுத்தி ஒரு விளிம்பு வேற. நார் அதுல மாட்டி மாட்டிப் பிசிறு பிசிறாப் பிஞ்சு வந்துச்சு. திட்டிக்கிட்டேதான் தேய்ச்சேன்.”

“விளிம்பா? எங்க?”

அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவன் நகத்தால் தடவினான். எழுத்துகளைச் சுற்றி மூன்று பக்கமும் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. நான்காவது பக்கம், வாலின் கடைசி முனையில், கோடே இல்லை. இரும்பு வளைந்து மறுபக்கத்தோடு சேர்ந்திருந்தது.

“பேண்ட் நீளமா இருந்தா காலை மடிச்சுத் தைப்போமே, அந்த மாதிரி இருக்கு,” என்றாள்.

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு வாளை அப்படியே சுற்றி, நுனி கீழே வரும்படி பிடித்தான். டார்ச்சைப் போட்டான். உதடு அசைந்தது.

“அத்தை!”

“என்ன? கையைக் கிழிச்சுக்கிட்டீங்களா?”

“தலைகீழா இருக்கு. அதான் படிக்க முடியலை. இது நிஜமான பெயர்தான். கடைசியில ‘செய்தது’ன்னு முடியுது. அது நுனிப்பக்கம் கவிழ்ந்து கிடந்துச்சு.”

மடமடவென்று பேசினான். இந்த வாள் முதலில் இன்னும் நீளமாக இருந்தது. பிறகு வந்த சொந்தக்காரன் குட்டையான ஆளாக இருக்க வேண்டும், அல்லது காலம் மாறியிருக்க வேண்டும். வாளை வாலிலிருந்து குறைத்தார்கள். அந்த இடத்தில்தான் பெயர் இருந்தது. மற்றவர்கள் என்றால் பெயரோடு வெட்டித் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். இந்தக் கொல்லன், பெயர் இருந்த துண்டைத் தகடாக இழைத்து, மறுபக்கம் மடித்து, பதித்து வைத்திருக்கிறான்.

“வெட்டிப் போட மனசு வரலை அவனுக்கு,” என்றான்.

அவள் அந்தச் சிறிய செவ்வகத்தையே பார்த்தாள். “இரும்பை மடிச்சிருக்கானே. எவ்வளவு பொறுமை இருந்திருக்கணும்.”

“ஒரு ஊசி கொடுங்க.”

ஊசி முனையை அந்த மயிரிழைக்குள் விட்டு மெல்ல இழுத்தான். கறுப்பாக ஒரு சிட்டிகைத் தூள் காகிதத்தில் உதிர்ந்தது.

“உங்க நார் இதுக்குள்ள போகலை. பழைய துரு அப்படியே இருக்கு,” என்றான். அவன் சிரித்தே விட்டான்.

கணவர் கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். மாலைவரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியுமாம். மாப்பிள்ளை அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். இப்போது சொல்ல வேண்டாம் என்று அர்த்தம். மறைப்பது எளிதுதான். ஆனால் நாளை மாலை அவர் மடியில் வைத்துத் தடவும்போது விரலுக்குத் தெரியாமலா போகும்?

“நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்,” என்றாள். “வால்பகுதியைத் தேய்ச்சுட்டேன். எலுமிச்சம்பழம் போட்டு.”

அவர் கை நீட்டினார். கட்டைவிரல் வழவழப்பான இரும்பின்மேல் மேலும் கீழும் ஒரு முறை போய்வந்தது. அவ்வளவுதான். துணியைச் சுற்றிக் கட்டினார்.

“ஆபீஸ் மூடிடுவாங்க. கிளம்பலாம்.”

டாக்சியில் முன்னால் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளை எழுத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். ‘ம்’ என்றுகூட அவர் சொல்லவில்லை.

பதிவு அறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு அதிகாரி. அதிகாரி துணியைப் பிரித்ததும் முகம் சுளித்தார்.

“யார் இதைத் தேய்ச்சது? துருவை எடுத்துட்டுக் கொண்டுவந்தா, எதையோ மறைக்கிறீங்கன்னுதானே நான் எழுதணும்?”

அவள் வாயைத் திறந்தாள்.

“நான்தான்,” என்றார் கணவர்.

“கப்பல் எஞ்சினியர்னு எழுதியிருக்கீங்க. இரும்பைப் பத்தி உங்களுக்கே தெரியாதா?”

“தெரியும். புத்தி பிசகிடுச்சு.”

“ஐயையோ, பொய் சொல்றார் சார்! நான்தான் தேய்ச்சேன். வேணும்னா என் கையை மோந்து பாருங்க.”

“நீ சும்மா இரு.”

“நான் ஏன் சும்மா இருக்கணும்?”

“ஒரு குத்தத்துக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கிறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்,” என்றார் அதிகாரி. முகத்தில் கடுமை கொஞ்சம் இளகியிருந்தது.

மாப்பிள்ளை முன்னால் வந்து வாளைச் சுற்றிப் பிடித்து மடிப்பைக் காட்டினான். அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். விளக்கை இழுத்தார். மூன்று பக்கமும் பார்த்தார். ஊசியால் தானும் ஒரு முறை கிளறினார். கறுப்புத் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“மடிச்ச பெயர். படிச்சிருக்கேன், கையில எடுத்ததில்லை.” கண்ணாடியைக் கீழே வைத்தார். “யார் செஞ்சதுன்னு நான் சொல்ல முடியாது. அது வேற ஆளுங்க வேலை. தொழிற்சாலை வாள் இல்லைன்னு எழுதித் தரேன். கொண்டுபோங்க. இனிமே எண்ணெய், மெத்துத் துணி. வேற எதுவும் கிட்ட வரக் கூடாது.”

முத்திரை விழுந்தது.

மூவரும் தெருவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினான். கணவர் ஏறவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அவள் நிற்கும் திசையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

“எலுமிச்சம்பழமா?” என்றார்.

“ஆமா.”

“வெறும் எலுமிச்சம்பழமா?”

“உப்பும்.”

“உப்பு!” தெருவில் போனவர்கள் திரும்பினார்கள். “இரும்புல உப்பு! என் சர்வீஸ்ல ஒருத்தன் இப்படிப் பண்ணியிருந்தா தூக்கிக் கடல்ல போட்டிருப்பேன். கேட்க வாய் இல்லை உனக்கு? பார்த்ததையெல்லாம் தேய்க்கணுமா? நான் தூங்கும்போது என்னையும் தேய்ச்சு வச்சிடுவ போலிருக்கே!”

“மாமா, மெதுவா…”

“நீங்க இருங்க மாப்பிள்ளை, இது எங்க ரெண்டு பேருக்கும் உள்ள கணக்கு,” என்றார் கணவர்.

மகள் போன பிறகு இத்தனை வார்த்தைகளை அவர் வாயிலிருந்து அவள் சேர்ந்தாற்போலக் கேட்டதில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்சிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். கணவர் இன்னும் உப்பை விட்டுக் கம்பி நாருக்கே வரவில்லை.