வானிலை காரணமாக

காணாமல்போன பெட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் ஒருவழியாக நகர்ந்ததும் நான் ஏர்போர்ட்டில் அந்த விமானக் கம்பெனியின் கவுன்டர் முன்னால் போய் நின்றேன். அந்தப் பக்கம் இருந்தவள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கழுத்தில் சிவப்பு ஸ்கார்ஃப், அதற்கு மேலே தூக்கமில்லாத முகம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இவளேதான். போன மாதம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “வானிலை காரணமாக இன்றைய விமானம் ரத்து செய்யப்படுகிறது” என்று எங்கள் எல்லோர் தலையிலும் கல்லைத் தூக்கிப் போட்டவள். பேச வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவள் முகத்தைக் கண்டதும் அத்தனையும் மறந்துபோய், “அன்னிக்கு எந்த ஊர்ல மழை பெஞ்சுது, சொல்லுங்க” என்றுதான் வாயில் வந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று அண்ணன் சொல்வான். பிழைப்பும் அங்கேயேதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்திப் பார்த்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துவிடுகிற வேலை. நாள் முழுக்க ஜனங்களின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்க்கிறேன். ஒரு எழுத்தும் தெரியாமலேயே “நல்லாத் தெரியுது” என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறவர்களை இமை துடிப்பதிலேயே பிடித்துவிடுவேன். இவள் என் கேள்வியைக் கேட்டதும் கீபோர்டைப் பார்த்தாள்.

அன்றைக்கு மத்தியானம் கடையில் இருக்கும்போதுதான் அண்ணன் கூப்பிட்டான். “அப்பாவுக்கு முடியல. கெளம்பி வா” என்றான், அவ்வளவுதான். அவன் அதிகம் பேசமாட்டான். ஊரில் டயர்க் கடை வைத்திருக்கிறான், அப்பாவை அவன்தான் பார்த்துக்கொண்டான். நானோ அப்பாவோடு முறைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவள். இந்த வருஷமே இரண்டு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு தடவை நிஜமாகவே லீவு கிடைக்கவில்லை. இன்னொரு தடவை மனசு வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். ஆகவே இந்த முறை கையில் கிடைத்த கடைசி டிக்கெட்டைப் போட்டுக்கொண்டு, போட்டிருந்த துணியோடு ஓடினேன். ஜன்னலோரம் சீட். வெளியே வானம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கதவைச் சாத்தப்போகிற நேரத்தில், ஒரு ஆள் உள்ளே ஓடிவந்தார். சோதனையில் கழற்றச் சொன்ன பெல்ட் ஒரு கையில், நழுவுகிற பேன்ட் இன்னொரு கையில், பை பல்லில். பல்லில் என்றால் நிஜமாகவே பல்லில். முன் வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு பின் வரிசை வரைக்கும் போனது. அவர் வந்து என் பக்கத்தில்தான் விழுந்தார். “மன்னிச்சுக்கங்க, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். “எனக்கு வேலையே லிஃப்ட் ரிப்பேர்தான், வெளில சொல்லிடாதீங்க.” அப்பா அங்கே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடக்க முடியவில்லை.

அப்புறம் விமானம் நகரவே இல்லை. கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள், இதோ இப்போது என்றார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கேட்டில் இவள் மைக்கோடு நின்றாள். வானிலை என்று அவள் சொன்னதும் கூட்டம் மொத்தமாகத் திரும்பிக் கண்ணாடிச் சுவர் வழியாக வானத்தைப் பார்த்தது. ஒரு மேகம் இல்லை. வயசான ஒருவர், “ரொம்ப நல்ல வானிலை, அதனாலதான் போல” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விடியும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் வாசலில் நின்றிருந்தான். மழையாம், ஃபிளைட்டை நிறுத்திட்டாங்க என்று சொன்னேன். அவன் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “ராத்திரி முழுக்க உன் பேரத்தான் சொல்லிட்டிருந்தாரு. எனக்கே காது குத்துறியா நீ?” என்றான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை.

விமானம் ரத்தானால் கம்பெனி நஷ்டஈடு தந்தே ஆகவேண்டும், சட்டமே இருக்கிறது என்று எங்கள் கடை முதலாளிதான் சொன்னார். அவர்கள் பக்கம் தப்பு என்றால்தான் தருவார்கள், புயல் மழை என்றால் தரமாட்டார்கள் என்றும் சொன்னார். காசு யாருக்கு வேண்டும். தப்பு எங்களுடையது என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், அதை அண்ணன் காதில் போட்டுவிடலாம் என்று மனு அனுப்பினேன். வானிலை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அரைத்த மாவையே அரைத்து அனுப்பினார்கள். அதனால்தான் வார லீவை வீணாக்கி இங்கே வந்து நிற்கிறேன்.

“மேடம், சிஸ்டத்துல வானிலைன்னுதான் இருக்கு” என்றாள் சிவப்பு ஸ்கார்ஃப்காரி.

“உங்க சிஸ்டத்துக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்துல பெல்ட்டக் கையில புடிச்சிட்டு ஓடி வந்தாரே, அவரக் கேளுங்க. எங்க அப்பா விடியக்காலையில போயிட்டாரு. நான் பொய் சொல்றேன்னு எங்க அண்ணன் என் மூஞ்சியிலகூட முழிக்கமாட்டேங்கிறான்.”

பெல்ட் என்றதும் அவள் கை கீபோர்டில் நின்றது. பின்னால் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்த ஆள் மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வந்ததிலிருந்து அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அவள் அவரிடம் பிரேக் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

கவுன்டருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறை. டீ மெஷின், இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு போன். அவள் எனக்கு ஒரு டீ பிடித்துக் கொடுத்தாள்.

“அவர் எங்க சூப்பர்வைசர். கடிகாரம்னு சொல்லுவோம்” என்றாள். பிறகு பேப்பர் கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கதவச் சாத்துற நேரம் தாண்டிடுச்சு. அந்த ஆளு கடைசியில இருந்து ஓடி வர்றாரு, பேன்ட்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டு. சாத்த மனசு வரல. நாலு நிமிஷம் புடிச்சு நின்னேன். அந்த நாலு நிமிஷத்துல நம்ம முறை போயிடுச்சு. ரன்வேல முறை போனா மறுபடி வரிசையிலதான் நிக்கணும். நின்னு நின்னு பைலட்டோட டூட்டி நேரம் முடிஞ்சுது, அதுக்கு மேல அவர் ஓட்டக்கூடாது. மாத்தி அனுப்ப வேற பைலட் இல்ல. இதுல எங்க மேடம் மழை? எல்லாம் எங்க தப்புதான். அப்படி எழுதுனா அத்தன பேருக்கும் காசு குடுக்கணும். அதனால மேல இருந்து வானிலைன்னு போடச் சொன்னாங்க. போட்டோம்.”

டீ கையைச் சுட்டது. எனக்கு அந்த ஆளின் முகமும் பல்லில் தொங்கிய பையும் கண்முன்னால் வந்தன. அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து இவள்மேல் திரும்பியது.

“முன்னப் பின்ன தெரியாத ஆளுக்குக் கதவப் புடிச்சு நின்னீங்க. எங்கப்பாவுக்கு யாரு புடிச்சா?” என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவள் இமை துடிக்கவில்லை என்பதைப் பழக்கதோஷத்தில் கவனித்தேன்.

“இதயே எழுதிக் குடுங்க.”

“எழுதிக் குடுத்தா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. ரெண்டு புள்ளைங்க, என் சம்பளம் ஒண்ணுதான்.” திரும்பிக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு அவளே சொன்னாள். “நீங்க பயணிகள் குறைதீர் மன்றத்துக்குப் போங்க. மழைன்னு சொன்னா, மழைய இவங்கதான் நிரூபிக்கணும். உங்க வேலை இல்ல அது. கதவு சாத்துன நேரம் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கும், அதக் கேளுங்க, மறைக்க முடியாது. அன்னிக்கு கதவுல யாரு நின்னாங்கன்னும் அதுலயே வந்துடும். வந்தா வரட்டும். நான் எத்தன நாளைக்குத்தான் வானத்து மேல பழியப் போடுறது?”

நான் கப்பைக் கீழே வைத்தேன். நியாயம் என்று ஒன்று கேட்டு வந்தேன். அது கிடைக்கவேண்டுமென்றால் இவள் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றவேண்டும் என்கிறாள், அதையும் வழி சொல்லிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறாள். இவள் திமிராகப் பேசியிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

“மன்றம் கிடக்கட்டும்” என்றேன். “எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுவீங்களா? என் நம்பர எடுக்கமாட்டான். உங்க போன்ல இருந்து கூப்பிடுங்க.”

அவள் சுவர்ப் போனை ஸ்பீக்கரில் போட்டாள். நான் நம்பரைச் சொன்னேன். மணி அடித்தது. எடுத்தான். பின்னால் கடையில் காற்றடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து அவன் குரலைக் கேட்டதும் நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனை வருஷப் பழக்கமோ, குரல் தானாக மாறியது. மைக்குக் குரல். “வணக்கம் சார். கடந்த மாதம் தங்கள் சகோதரி பயணம் செய்யவிருந்த விமானம், வானிலை காரணமாக…” என்று ஆரம்பித்துவிட்டாள்.

நான் எழுந்தேவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாருங்க பேசறது?” என்றான் அண்ணன்.

“இல்ல சார். மன்னிச்சுக்கங்க. வாய் அப்படியே பழகிடுச்சு.” இப்போது சொந்தக் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. “மழையெல்லாம் இல்ல. உங்க தங்கச்சி நேரத்துக்கே வந்துட்டாங்க. நான்தான் டிக்கெட்டப் பாத்து உள்ள விட்டேன். எல்லாருக்கும் முன்னால வந்து உட்கார்ந்திருந்தாங்க. கதவுல தாமதம் பண்ணது நான். அதனாலதான் ஃபிளைட்டு நின்னுது. பொய் சொன்னது நாங்க சார், அவங்க இல்ல.”

சொல்லி முடிக்கும்போதுதான் பார்த்தேன், அறையின் கதவு பாதி திறந்திருந்தது. கடிகாரம் நின்றுகொண்டிருந்தார். பிரேக் முடிந்துவிட்டதென்று சொல்ல வந்திருப்பார். அவள் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், பார்க்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது.

போனின் அந்தப் பக்கம் காற்றடிக்கிற மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.

“அவ பக்கத்துல இருக்காளா?” என்றான் அண்ணன்.

“இருக்கேண்ணே” என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அழத் தெரியாது, மூக்கைத்தான் உறிஞ்சுவான்.

“சாப்ட்டியா?” என்றான்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதைச் சொன்னால் உடைந்துபோவேன். சிவப்பு ஸ்கார்ஃப்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லு என்று தலையை ஆட்டினாள். அவள் தோளுக்கு மேலாக நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் மணிக்கட்டைத் திருப்பி நேரத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மெதுவாக இழுத்து, கடிகாரத்தின் மேல் மூடி விட்டுக்கொண்டு, அந்தக் கதவிலேயே நின்றார்.