அம்மா துடைத்த ப்ரீஆம்ப்

ஆயுத பூஜைக்கு முத்தாயி வீட்டிலிருந்த அரிவாள், மண்வெட்டி, மிக்சி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தாள். அலமாரியிலிருந்த மகனின் ப்ரீஆம்பையும் விடவில்லை. பேஸ் கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவில் இருந்துகொண்டு சத்தத்தைப் பதப்படுத்தும் கையகல இரும்புப் பெட்டி அது. அதில் பேஸ், மிட், டிரைவ் என்று ஐந்து குமிழ்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்தன. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஐந்தையும் நேராக நிமிர்த்தி, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் வைத்தாள்.

மகன் வீரமணி அரியலூர் சாலையில் சிமென்ட் லாரியில் அடிபட்டுச் செத்து ஏழு மாதம். கடைசிக் கச்சேரியில் அவன் வைத்த அளவு அப்படியே இருக்கட்டும் என்று தங்கை வளர்மதி அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. கச்சேரிக் குழுவில் அண்ணன் இடத்தில் அவள் முதன்முதலாக பேஸ் வாசிக்கப்போகும் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே நாள்.

"யாரு ஒன்னத் தொடச் சொன்னா? அண்ணனோட சத்தம் அதுலதாம்மா இருந்துச்சு. அதயும் சேத்துத் தொடச்சுட்ட!"

"தூசியாக் கெடந்துச்சு பாப்பா. சாமி கும்புடறப்ப அவன் சாமானுக்கு மட்டும் பொட்டு வைக்காம வுட முடியுமா?"

வளர்மதி இ.சி.இ. முடித்தவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. குமிழ்களைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைக்கக்கூடத் தனக்குத் தோன்றவில்லையே என்ற ஆத்திரத்தையும் அம்மா மேலேயே கொட்டினாள். ஐந்து நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரம்பலூர் மண்டபத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு சவுண்டு செக். தனியாக வாசித்தபோது, பேஸ் குமிழை ஏற்ற ஏற்ற அண்ணன் வாசிப்பதுபோலவே கனத்தது. டிரம்மும் கீபோர்டும் சேர்ந்ததும் எல்லாம் கூழாகிப்போனது.

"வளரு, மண்டபம் இரையுது. பேஸக் கொறச்சுட்டு மிட்ட ஏத்து. டிரைவ் லேசாப் போதும்," என்றார் குழுவை நடத்தும் செல்லதுரை, கீபோர்டிலிருந்து தலை தூக்காமல். "ஒங்கண்ணங்கிட்டயும் இதத்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா அந்தப் பய?" சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவர் சொன்னபடி வைத்தாள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, பளிச்சென்று வந்தது. செல்லதுரை கட்டைவிரலைத் தூக்கினார். வளர்மதிக்கு அழுகைதான் முட்டியது. அண்ணனின் வாசிப்பு ஒருநாளும் இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.

முத்தாயி அதே மண்டபத்துக்குச் சமையல் ஆட்களோடு பாத்திரம் கழுவ வந்திருந்தாள். ஈரக் கையோடு மேடையோரம் வந்து நின்றாள்.

"அவன் சத்தம் வந்துடுச்சா பாப்பா?"

"வந்துடுச்சும்மா."

"பொய் சொல்லாத. அவன் வாசிச்சா நம்ம வூட்டுக் கூரைத் தகரமே கடகடன்னு ஆடும். இது நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் இல்ல."

வளர்மதி பெட்டியை மேடை விளிம்புக்கு நகர்த்தினாள்.

"நீயே திருப்பும்மா. நான் வாசிக்கறேன்."

"எதடி?"

"இத. பேஸு. மெதுவா."

முத்தாயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குமிழைத் திருப்பினாள். ஜன்னல் கண்ணாடிகள் முனகின. சமையல்கட்டில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் கலகலத்தன. அவள் கை அங்கேயே நின்றது.

"ஏய், கொழகொழன்னு இருக்கு! யாரு அத..." என்று கத்திய செல்லதுரை, குமிழில் இருந்த கையைப் பார்த்துவிட்டுக் கீபோர்டுக்குத் திரும்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு பாட்டுண்ணே," என்றாள் வளர்மதி. "அப்பறம் கொறச்சுடறேன்."

அந்தப் பாட்டு முடிகிறவரை முத்தாயி குமிழிலிருந்து கையை எடுக்கவே இல்லை.